ஜீப் சாவி யார் கையில்

இராஜபாளையம்
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் ஃபஸீலாவுக்கு அம்மா நூர்பானு எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் இங்கே அல்லாஹ்வின் கிருபையால் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரியாஸும் அதே மாதிரி, சண்டை மட்டும் கொஞ்சம் குறைவாக, சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே காலையில் இன்னும் பனி விழுகிறது, அங்கே வெயில் காலம் என்று ரியாஸ் சொன்னான், வெளியில் விளையாட விட்டால் தலையில் தொப்பி போட்டு அனுப்பு. தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள், நான் ஆரம்பிக்கிற பேச்சை அவர்கள் முடித்துவிடுகிறார்கள். நீ என்னிடம் கேட்டிருப்பதோ அவர்களைப் பற்றி. அவர்களை வைத்துக்கொண்டே அதை எப்படிச் சொல்ல முடியும்? நல்லவேளையாக நம் சத்திரப்பட்டி விக்னேஷ்வரன் வெள்ளிக்கிழமை மெல்போர்னுக்குக் கிளம்புகிறான். அவன் கையில் இதையும், ரியாஸுக்கு இரண்டு பருத்திச் சட்டையும் கொடுத்து விடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கேட்டிருந்தாய், அதை அங்கே ஏர்போர்ட்டில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று நீயேதான் போன தடவை அழுதாய், அதனால் வாங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அத்தா ஜீப்பை உள்ளே ஏற்றும்போது நம் வீட்டு கேட் தூணில் உரசிவிட்டார்கள் என்று நான் வாய் தவறி உன்னிடம் சொன்னதிலிருந்து நம் மூன்று பேருக்கும் நிம்மதி இல்லை. அறுபத்தெட்டு வயதில் அத்தாவுக்கு மலையடிவாரத்தில் என்ன வேலை, அந்தப் பழைய ஜீப்பை விற்றுவிடுங்கள் என்று நீ சொல்லிவிட்டாய். நீ சொன்னதில் தப்பில்லை, பயத்தில் சொன்னாய். ஆனால் காயத்துக்குக் கட்டுகிற காஜ் துணி நெய்கிற யூனிட்டைத் தம்பி, உன் சின்னத்தா கையில் விட்ட பிறகு அத்தாவுக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பச்சை வண்டியும், மாதம் ஒரு தடவை கூடுகிற அந்த ஜீப் கிளப்பும்தான். அதையும் விடு என்றால் மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பார்கள், அது எனக்கும் நல்லதில்லை. நாலு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு அவர்களே ஒரு வழி சொன்னார்கள், நீயும் போனில் கேட்டாய். "நூரு இந்தத் தடவ என் கூட வந்து பாக்கட்டும். அவ ஒரு வார்த்த வேண்டாம்னுட்டா, சாவிய அவ கையில குடுத்துருதேன், பொறவு கேக்க மாட்டேன்" என்றார்கள். நீயும் சரி என்றாய். இப்படி என்னைக் கேட்காமலே அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை ஜட்ஜ் ஆக்கிவிட்டீர்கள். போன சனி, ஞாயிறு இரண்டு நாளில் என்ன பார்த்தேன், என்ன முடிவு செய்தேன் என்று எழுதுகிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். நம் ஊரிலிருந்து நாலு வண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு சேர்ந்தது, கிருஷ்ணன்கோவிலில் ஒன்று. அந்தக் கடைசி வண்டிதான் கல்பனாவுடையது, அங்கே காலேஜில் பாடம் எடுக்கிற பெண், உன் வயதுதான் இருக்கும், தனியாக ஓட்டிக்கொண்டு வருகிறாள். கிளப்புக்குத் தலைவர் காசிராஜன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறாரே, நம் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு வருஷம் தவறாமல் வருவாரே, அவர். கூமாப்பட்டிக்கு மேல் அவருடைய சிநேகிதர் தோப்பு இருக்கிறது, தென்னையும் மாவுமாக மலை அடி வரைக்கும் போகிறது, அதற்குள்தான் இவர்கள் ஓட்டம் எல்லாம். வேலிக்கு அந்தப் பக்கம் புலி இருக்கிற காடு, அதற்குள் ஒரு டயர் கூடப் படக் கூடாது என்பதில் காசிராஜன் வெகு கண்டிப்பு. நீ பயந்த மாதிரி மலை உச்சிக்கெல்லாம் ஏறவில்லை. ஆனால் ஏறாமலே உயிரை வாங்குகிற மாதிரி இடங்கள் தோப்புக்குள்ளேயே இருக்கின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் கண்மாய்க்குள் இறங்கினார்கள். தண்ணீர் வற்றி, மேலே காய்ந்து கீழே களியாக இருந்தது. பொன்னுராஜ் என்று மில் வைத்திருப்பவர், புது வண்டி, பெரிய வண்டி, வேகமாக இறங்கி நடுவில் மாட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சுற்ற உள்ளே போனார். அத்தா போன விதத்தைச் சொல்ல வேண்டுமே. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுப்பதற்கான ஃபோர் வீல் கம்பியைத் தட்டிவிட்டு, சின்னக் கியரில் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் அக்கரை சேர்ந்தார்கள். நம் வீட்டு மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ஆளா இது என்று இருந்தது. கல்யாணமான புதிதில் என்னை சைக்கிளில் வைத்து மிதித்தபோது பிடரியில் ஒரு நிமிர்வு இருக்கும், அது அப்படியே திரும்பி வந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கே முடிவு சொல்வதென்றால், விற்க வேண்டாம், ஓட்டட்டும் என்று உனக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். அத்தா கேட்கவும் செய்தார்கள், நாளைக்கும் ஒரு நாள் இருக்கிறதே, முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பிகு பண்ணினேன். பண்ணியது நல்லதாகப் போயிற்று.

ராத்திரி பெண்களெல்லாம் தோப்பு வீட்டில் படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் மாம்பூ வாசனை, மலையிலிருந்து சில்லென்று காற்று. காலை ஆகாரம் முடித்து, தோப்புக்கு மேல்பக்கம் சுற்றிக்கொண்டு போய், அங்கிருந்து ஓடைக்கு இறங்குகிற பாறைச் சரிவுக்கு வந்தோம். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் உனக்குப் புரியும். இறக்கத்தில் வண்டி மூக்கு குனிந்ததும் ஓட்டுகிறவருக்கு முன் சக்கரம் எந்தக் கல்லில் நிற்கிறது என்று தெரியாது. அதனால் கீழே ஒருவர் நின்று கை காட்டுவார். விரித்த கை என்றால் வா, மூடிய கை என்றால் நில். ஓட்டுகிறவர் அந்த ஒரு கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். வேறு யாரும், வண்டிக்குள் இருப்பவர் கூட, வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு வழி சொன்னால் வண்டி கவிழ்ந்துவிடுமாம். அன்றைக்குக் கீழே கை காட்டியது காசிராஜன். மலை மேற்கே, நாங்கள் இறங்குவது கிழக்குப் பார்த்து, காலை வெயில் நேரே எங்கள் முகத்தில் அடித்தது. எனக்கே காசிராஜனைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாதிச் சரிவில் அவர் கையை மூடினார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அத்தா நிறுத்தவில்லை. இன்னும் ஒரு முழம் போனதும் என் பக்கத்து முன் சக்கரம் பாறையை விட்டு இறங்கி அந்தரத்தில் தொங்கியது, வண்டி என் பக்கம் சாய்ந்தது, ஜன்னல் வழியாகக் கீழே ஓடைக் கல்தான் தெரிந்தது. "நில்லுங்க" என்று கத்தினேன். அப்போதுதான் பிரேக் போட்டார்கள். நான் கலிமா சொல்லிக்கொண்டே கைப்பிடிக் கம்பியைப் பிடித்த பிடியில் இன்னும் விரல் வலிக்கிறது.

பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஒன்றும் ஆகியிருந்தால் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருப்பேனா. பின்னால் மேலே நின்ற கல்பனா தன் வண்டியில் இருக்கிற இரும்புக் கயிற்றை எங்கள் வண்டிக்குப் பின்னால் மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பாறை மேல் நிறுத்தினாள். ஒரு வார்த்தை அதிகம் பேசாத பெண். பிறகு காசிராஜன் எங்கள் பானட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, கையோடு வாயாலும் சொல்லி எங்களைக் கீழே இறக்கினார். என்ன ஆச்சு என்று எல்லாரும் கேட்டதற்கு, பிரேக் கொஞ்சம் லேட்டாகப் பிடித்தது, பழைய வண்டிதானே என்று அத்தா சொன்னார்கள். காசிராஜன் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்து பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார், இறங்கி அடுத்த வண்டிக்குக் கை காட்டப் போய்விட்டார். நான் கத்தியதும் அந்த நொடியே பிடித்த பிரேக் அது. உன் அத்தா என்னிடம் எத்தனையோ மறைத்திருக்கிறார்கள், இனிப்பு தின்றது, சின்னத்தாவுக்கு ஜாமீன் நின்றது என்று. ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை என் முன்னாலேயே வேறு மாதிரி சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை மகளே, பயம் வந்தது. கொஞ்ச நாளாகப் பேப்பரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படிப்பதும், எதிரே லைட் போட்டு வருகிற பஸ்ஸைத் திட்டுவதும், கேட் தூணும் எல்லாம் சேர்ந்து ஒரே கோட்டில் வந்து நின்றன.

ஓட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால் இவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மாமரத்தடியில் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். இந்த இரண்டு நாளில் தான் செய்த தப்பை அவரவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அடுத்தவர் தப்பை யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது. சொன்னவருக்குப் புத்திமதியும் கூடாது. அவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "சரி" என்று ஒரே வார்த்தை, அவ்வளவுதான், அடுத்த ஆள். மற்றவர் சொல்லித் திருத்தினால் ஆள் அடுத்த தடவை மறைக்கத்தான் பழகுவான், அதனால்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்று காசிராஜன் எனக்கு விளக்கினார். நான் யோசித்துப் பார்த்தேன். தீர்ப்புச் சொல்லப் போனவள் நான், அங்கே போனதும் என் வாயைக் கட்டிவிட்டார்கள். அத்தா பிரேக் என்றே சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், வீட்டுக்கு வந்து உன்னிடம் போனில் காட்டிக்கொடுப்பேனா, இல்லை நானும் சேர்ந்து பிரேக் என்று சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. யா அல்லாஹ், இந்த மனுஷன் வாயிலிருந்தே அது வரட்டும் என்று நின்றேன்.

பொன்னுராஜ் கண்மாயில் அவசரப்பட்டதைச் சொன்னார், சரி என்றோம். கல்பனா சேற்றில் இறங்கிய பிறகுதான் ஃபோர் வீல் போட்டாளாம், சரி என்றோம். அத்தா முறை வந்தது. சாவி வளையத்தை விரலில் போட்டுச் சுற்றிக்கொண்டே நின்றார்கள். தனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்க்கவில்லை, காசிராஜனைப் பார்த்தார்கள். "பிரேக் மேல வீணா பழி போட்டேன் காசி. பிரேக் நல்லாத்தான் இருக்கு. நீ கைய மூடுனது எனக்குத் தெரியல. வெயிலுக்கு எதுக்க நிக்கறப்ப ஆளு கருப்பா தெரியுது, வெரல் தெரிய மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். சொன்னா சாவியப் புடுங்கிருவாகன்னு யார்ட்டயும் சொல்லல. இன்னைக்கு இவள ஓடையில தள்ளப் பாத்தேன்." அவ்வளவு பேரும் சரி என்றார்கள். யாரும் அத்தாவைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை, ஐயோ பாவம் என்று பார்க்கவும் இல்லை, காசிராஜன் அடுத்து என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். கூட உட்கார்ந்து வந்தவர்களும் சொல்ல வேண்டுமாம். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் நான் கத்திவிட்டேன் என்று சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள், அத்தாதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

கிளம்பும்போது நான் கேட்கவில்லை, அவர்களாகவே வந்து, இத நீ வச்சுக்க நூரு என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. நான் அதைக் கல்பனாவிடம் கொடுத்தேன், அவள் வண்டியைப் பொன்னுராஜோடு கூட வந்திருந்த அவருடைய டிரைவர் எடுத்துக்கொண்டு வந்தார். இராஜபாளையம் வரைக்கும் அவள்தான் ஓட்டினாள். அத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்கள், பஸ் வருது பாரு என்று நூறு தடவை சொல்லியிருப்பார்கள், அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் சரிங்க சார் என்று சிரிக்காமல் சொன்னாள். அவளை ஒரு நாள் பிரியாணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

நேற்று கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றியிருக்கிறது. எதிர் வெளிச்சத்தில் கூசுவதும் மங்குவதும் அதனால்தானாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன், அது ஆறிய பிறகு இடது. பயப்படுகிற ஆபரேஷன் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு பார்வையைச் சோதித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டலாமா என்று சொல்வாராம். வெயிலுக்கு எதிரே ஒரு ஆள் கையை மூடினால் தெரியுமா டாக்டர் என்று அத்தா கேட்டார்கள், அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். சொட்டு மருந்து போடும்போது குழந்தை மாதிரி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், இதை அவர்களிடம் சொல்லாதே.

இப்போது என் தீர்ப்பைக் கேள். ஜீப்பை விற்க வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் சாவி என் கைப்பையில் இருக்கும். அவர் சொன்ன பிறகு அத்தா ஓட்டட்டும், மாதம் ஒரு தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். டாக்டர் வேண்டாம் என்றால் அத்தா கீழே நின்று மற்றவர்களுக்குக் கை காட்டலாம் என்று காசிராஜன் சொல்லியிருக்கிறார், அங்கே நிற்கிறவருக்கு வெயில் முதுகுப்பக்கம். உன் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம், சொல்லிவிடுகிறேன். நீ கண் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தால் அத்தா சொல்லியிருப்பார்கள். நீ முதலில் சாவியைக் கேட்டாய், அதனால் அவர்கள் கண்ணை மறைத்தார்கள். நானும் கேட் தூணைப் பார்த்தேனே தவிர அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இனி அத்தாவிடம் பேசும்போது ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, ஆபரேஷன் அன்றைக்குப் போன் மட்டும் போடு.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தா வந்து, என்னைப் பற்றித்தானே எழுதுகிறாய் என்று கேட்டுக் காகிதத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எழுத்து தெரியவில்லை என்று இந்தத் தடவை மறைக்காமல் சொல்லி, படித்துக் காட்டச் சொன்னார்கள். ஆக, உனக்கு ரகசியமாக எழுதிய லட்சணம் இதுதான். படித்தேன். அந்தச் சைக்கிள் வரி வந்ததும் தொண்டையைச் செருமினார்கள். ஒன்றையும் அடிக்க வேண்டாம், அப்படியே அனுப்பு என்றார்கள். இப்போது மஃரிபுக்குப் பள்ளிவாசல் போயிருக்கிறார்கள், இதற்கு மேல் எழுதுவது உனக்கும் எனக்கும் மட்டும்.

ஃபஸீலா, போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டதற்கு ஜலதோஷம் என்றாய். அதற்கு முந்தின வாரமும் ஜலதோஷம்தான். மாப்பிள்ளை எங்கே என்றால் வேலை என்கிறாய், ராத்திரியிலும் வேலை என்கிறாய். கேமராவைச் சுவர்ப் பக்கமே வைத்துப் பேசுகிறாய். நான் எதையும் ஊகித்துக்கொண்டு எழுதவில்லை, உண்மையிலேயே ஜலதோஷமாக இருந்தால் மிளகு போட்டுப் பால் குடி. வேறு ஏதாவது இருந்தால், நான் கேட்க மாட்டேன். அந்த மாமரத்தடியில் நின்ற பிறகு இனி உன் விஷயத்தில் நானாகத் தோண்டிக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ, நடு ராத்திரியானாலும் சரி, என் போனுக்குக் கூப்பிடு, ஸ்பீக்கரில் போட மாட்டேன். என்ன சொன்னாலும் அழ மாட்டேன், ஊர் என்ன பேசும் என்று கேட்க மாட்டேன், புத்திமதி சொல்ல மாட்டேன். நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்று மட்டும் சொல்வேன்.

உன்னையும் ரியாஸையும் மாப்பிள்ளையையும் அல்லாஹ் தன் காவலில் வைத்திருக்கட்டும், உங்கள் வீட்டில் பரக்கத்தும் நிம்மதியும் நிறையட்டும். ரியாஸின் சட்டையை முதல் தடவை தனியாகத் துவை, சாயம் போகும். வியாழக்கிழமையை மறக்காதே.

உன் முறைக்காகக் காத்திருக்கும்
அம்மா
நூர்பானு